மஞ்சள் பனியன்

பிப்ரவரி 4

அக்கா,

உன் பெண் மிளகு எங்கள் வீட்டில் நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டாள். பதினொரு வயசுக்கு ஏற்ற உயரம்தான் இல்லை, வாய் இருக்கிறது. அவள் அத்தையோடு சேர்ந்து என்னைக் கிண்டல் செய்யவும் ஆரம்பித்துவிட்டாள். அந்தக் கவலை உனக்கு வேண்டாம். நீ தொழிற்சாலையில் நிம்மதியாக வேலையைப் பார்.

கவலை எனக்குத்தான். கிளப்பில் நான் சொல்லிக்கொடுக்கும் வாலிபால் வகுப்பில் பிள்ளைகள் குறைகிறார்கள். இந்த வயசில் சுவர்ப் பயிற்சிதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். இரண்டு கையையும் சேர்த்து நீட்டி, முன்கையில் பந்தை வாங்கிச் சுவரில் அடித்து, திரும்பி வருவதை மறுபடி வாங்க வேண்டும். அதையே மறுபடி, மறுபடி, மறுபடி. கை தானாகப் போய் நிற்கும் வரை வேறு குறுக்குவழி கிடையாது. இதை எப்படி அந்தப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பது? நேற்று ஒருத்தி கேட்கிறாள்: "சார், சுவரு பாவம் சார். அதுக்காவது ஒருநாள் லீவு குடுங்க."

நான் சிரித்தேன். கிளப் செயலாளர் சிரிக்கவில்லை. "புள்ளைங்க சிரிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போகணும் கோச். இல்லன்னா அவங்க அப்பா அம்மா வேற கிளப்ப பாத்துக்குவாங்க. நாங்களும் வேற கோச்ச பாத்துக்குவோம்" என்றார். அவர் மகளும் என் வகுப்பில்தான் இருக்கிறாள். மிளகு ஃபீஸ் கட்டாமல் ஆடுகிறாள் என்பதும் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதனால்தான் கிரவுண்டுக்குள் என்னை மாமா என்று கூப்பிடாமல் 'சார்' என்றே கூப்பிடும்படி அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

நீ நாள் முழுக்க ஒரே காலரைத் தைக்கிறாயே, உனக்கு எப்படி அலுக்காமல் இருக்கிறது?

தம்பி


பிப்ரவரி 12

தம்பி,

அலுக்காமல் இருக்கிறது என்று உனக்கு யார் சொன்னது? நான் தைப்பது காலர் மட்டும். அந்தச் சட்டை முழுசாக எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தொழிற்சாலை விடுதி வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு அழைப்பு, அதுவும் வரிசையில் நின்று. அது என் மகளுக்கு. உனக்குக் காகிதம்தான்.

எங்கள் லைன் சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பேர் 'சாவி'. பொம்மைக்குக் கொடுப்பது போல எங்களுக்குச் சாவி கொடுப்பாள். மத்தியானம் எல்லோரும் தூங்கி வழிகிறோம் என்று போன வாரம் ஒரு சிவப்புத் தொப்பி கொண்டுவந்தாள். யார் முன்னால் துணி குவிந்து கிடக்கிறதோ அவள் தலையில் தொப்பி. அடுத்து ஒருத்தி பின்தங்கும் வரை கழற்றக் கூடாது. சாப்பாட்டுக்குப் போனாலும், கழிப்பறைக்குப் போனாலும் தலையில் இருக்க வேண்டும். என் பக்கத்துக் கட்டில்காரி அதை மாட்டிக்கொண்டு தட்டோடு வந்தாள் பார். "மகாராணி வர்றாங்க, வழி விடுங்கடி" என்று நான்தான் கத்தினேன். எல்லோரும் சிரித்துச் சிரித்து, சோறு புரையேறிவிட்டது. அன்றைக்கு எங்கள் லைன் பறந்தது போ. தூக்கமாவது ஒன்றாவது.

இதுதான் இங்கே எங்களுக்கு அலுக்காமல் இருக்கும் ரகசியம். மிளகைப் பார்த்துக்கொள். தலையில் எண்ணெய் வைக்கச் சொல்.

அக்கா


பிப்ரவரி 27

அக்கா,

உன் கடிதம் என் வேலையைக் காப்பாற்றிவிட்டது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அந்தத் தொப்பிக் கதையைப் படித்ததும் பொறி தட்டியது. கிளப் அலமாரியில் கிழிந்த மஞ்சள் பனியன் ஒன்று கிடந்தது. அதை எடுத்துப்போய்ப் பிள்ளைகளிடம் சொன்னேன்: "சுவர்ப் பயிற்சியில யாரு முதல்ல பந்த விடுறாங்களோ, அவங்க இதப் போட்டுக்கணும். அவங்கதான் இன்னிக்கு ஓட்டை வாளி. அடுத்த ஆள் பந்த விடுற வரைக்கும் எல்லாருடைய பந்தையும் வாளிதான் பொறுக்கிட்டு வரணும்."

அன்றைக்கு நீ வந்து பார்த்திருக்க வேண்டும். சுவருக்கு லீவு கேட்ட அதே பிள்ளைகள்! பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணைப் பந்திலிருந்து எடுக்காமல் அடித்தார்கள். யாராவது விட்டால் "வாளி! வாளி!" என்று ஒரே கூச்சல். நேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகமாட்டேன் என்கிறார்கள். நின்றுபோனவர்கள்கூடத் திரும்பி வருகிறார்கள். செயலாளர் என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

நடுவில் ஒரு சிக்கல். அவர் மகளுக்கு ஒருநாள் பனியன் போய்விட்டது. அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிருக்கிறாள். இரவே அவரிடமிருந்து போன். அதற்கு ஒரு வழி செய்துவிட்டேன், இப்போது பிரச்சினை இல்லை.

மிளகுதான் இதில் கெட்டிக்காரி. அவளுக்குக் கூச்சமே இல்லை. இப்போதெல்லாம் கிரவுண்டுக்கு வந்ததும் யாரும் சொல்வதற்கு முன்பே, ஆணியில் தொங்கும் பனியனை அவளே எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். பயிற்சி ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் போட்டுக்கொண்டு நிற்கிறாள்! எல்லோரும் இப்படி விளையாட்டாக எடுத்துக்கொண்டால் எனக்கு ஏது வேலை?

தம்பி


மார்ச் 7

தம்பி,

என் கிண்டலைத் திருடி நீ நல்ல பேர் வாங்குகிறாயா? உன் கடிதத்தை அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பக்கத்துக் கட்டில்காரி மட்டும் எழுந்து துணி துவைக்கப் போய்விட்டாள். அவளுக்கு எப்போதும் ஏதாவது ஒரு வேலை.

மிளகு என்னைப் போல. எதற்கும் அசரமாட்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் "சரி", "ம்", "சாப்பிட்டேன்" என்பதோடு முடித்துக்கொள்கிறாள். வளர்கிறாள் போலிருக்கிறது. பல் வலி ஏதாவது இருக்கிறதா என்று பார்.

அக்கா


மார்ச் 20

அக்கா,

உன்னிடம் குறை சொல்ல வேண்டாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

மிளகு கிரவுண்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். முதலில் வயிற்று வலி என்றாள். பிறகு ஷூ கடிக்கிறது என்றாள். புது ஷூ வாங்கிக் கொடுத்தேன், அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அவள் அத்தை கேட்டால் "படிக்கணும்" என்கிறாள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருக்கிறாள்.

ஊரில் எத்தனையோ பிள்ளைகள் இந்த வாய்ப்புக்கு ஏங்குகிறார்கள். இவள் கிடைத்ததை உதறுகிறாள். செயலாளர் வேறு, "இலவசமா சேத்துக்கிட்டா இப்படித்தான் கோச், அருமை தெரியாது" என்று எல்லோர் முன்னாலும் சொல்கிறார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் சொன்னால் கேட்கமாட்டாள். அம்மாவாக நீ கொஞ்சம் கண்டித்து எழுது.

தம்பி


ஏப்ரல் 2

நீ சொன்னாய் என்று எழுதினேன். என்ன எழுதினேன் தெரியுமா? 'சோறு போடுறவங்க மூஞ்சிக்காவது நீ ஆடக் கூடாதா, உனக்காக நான் இங்க முதுகு ஒடியத் தைக்கிறேன், நீ படுத்துக் கிடக்கிறியா' என்று. என் கையால். பதினொரு வயசுப் பிள்ளைக்கு.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். என் கடிதம் அவளுக்குக் கிடைத்திருந்தது.

"ஏன்டி கிரவுண்டுக்குப் போகல?"

"போறேம்மா. நாளைலேருந்து போறேன்."

"இத்தன நாள் ஏன் போகலன்னு கேக்கறேன்."

"நான் இல்லாட்டியும் ஆட்டம் நடக்கும்மா. பந்து பொறுக்க வேற யாராவது கெடைப்பாங்க."

"உனக்கு மட்டும் எதுக்குடி எப்பவும் அந்தப் பனியன்? யாரு போட்டுவிடுறது?"

"யாரும் போட்டுவிடல. நானே போட்டுக்குவேன். எப்படியும் எனக்குத்தானே வரப்போகுது. முன்னாடியே போட்டுட்டா அவ்வளவா சிரிக்க மாட்டாங்க."

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவள் "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று தோளை இடித்துக்கொண்டிருந்தாள். மிளகே "வெக்கட்டுமாம்மா?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

பேச்சின் நடுவே அவளே சொன்னாள், பள்ளிக்கூடத்திலும் அவள் பேர் வாளிதானாம். சாப்பிடக் கூப்பிடும்போது நீயும் ஒருநாள் "வாளி, வா" என்றாயாமே. வாய் தவறி வந்ததா, ருசித்துச் சொன்னாயா?

இப்போது எனக்குப் பதில் எழுது. அந்தப் பிள்ளை கையில் பந்து நிற்காதா? இங்கே வருவதற்கு முன் நான் அவளோடு தெருவில் ஆடியிருக்கிறேன். எல்லோரையும்விட அவள் மோசமாக ஆடுகிறவள் இல்லை. எப்படித் தினமும் அவளே முதலில் பந்தை விடுகிறாள்? செயலாளர் மகளுக்கு ஒரு வழி செய்துவிட்டேன் என்று எழுதினாயே, அது என்ன வழி?


ஏப்ரல் 10

அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

கிளப்பின் பின்சுவரில் ஒரு தண்ணீர்க் குழாய் இறங்குகிறது. அதில் பட்டால் பந்து எந்தப் பக்கம் போகும் என்று பந்துக்கே தெரியாது. முன்பெல்லாம் அந்த இடத்தில் யாரையும் நிறுத்தமாட்டேன். செயலாளரிடமிருந்து போன் வந்த மறுநாள் மிளகை அங்கே நிறுத்தினேன். கூடவே, தையல் பிரிந்து கோணலாகிப்போன பந்தையும் அவளிடம் கொடுத்தேன்.

யாருக்காவது அந்தப் பனியன் போயே ஆக வேண்டும், இல்லையென்றால் ஆட்டத்தில் சூடு இருக்காது. ஃபீஸ் கட்டும் பிள்ளைக்குப் போனால் வீட்டிலிருந்து போன் வரும். மிளகுக்குப் போனால் யார் போன் செய்வார்கள்? நம் பிள்ளைதானே, வீட்டுக்குப் போய்ச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சமாதானமும் சொல்லவில்லை. அவள்தான் அழவே இல்லையே. என் அக்கா மகளுக்குச் சலுகை காட்டுகிறேன் என்று ஒருத்தரும் சொல்ல முடியாது என்று ஒரு பெருமை வேறு.

வாளி என்று கூப்பிட்டது உண்மை. வாய் தவறித்தான் வந்தது. கிரவுண்டில் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு நாக்குக்குப் பழகிவிட்டது. அவள் "வரேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். வீட்டுக்குள், அக்கா. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே அவளைக் கையோடு கிரவுண்டுக்கு அழைத்துப் போனேன். எல்லோர் முன்னாலும் அந்தப் பனியனை நானே போட்டுக்கொண்டேன். தொப்பையில் மாட்டிக்கொண்டு பாதி வயிறு வெளியே தெரிந்தது. "இன்னிக்கு நான்தான் வாளி" என்று சொல்லிவிட்டு எல்லாப் பந்தையும் ஓடி ஓடிப் பொறுக்கினேன். அவளுக்கு மனம் ஆறும் என்று நினைத்தேன்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இதுவரை நான் எடுத்த வகுப்புகளிலேயே அதுதான் கலகலப்பானது. செயலாளர் போட்டோ எடுத்தார். "சூப்பர் ஐடியா கோச், வாரா வாரம் வைங்க" என்றார். மிளகு வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் ஷூவையே பார்த்தபடி நின்றாள். வீட்டுக்கு வரும் வழியில் "மாமா மேல கோவமா?" என்று கேட்டேன். "இல்ல சார்" என்றாள். கிரவுண்டுக்கு வெளியே நடந்துகொண்டிருந்தோம்.


ஏப்ரல் 18

தம்பி,

நீ போட்டுக்கொண்டாய், கழற்றி எறிந்தாய். உனக்கு அது வேஷம். அவளுக்கு அது பேர். வேஷம் போட்டதற்குக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் அழுகிறாய்.

உன்னைக் கிழிக்க எனக்கு ஆசைதான். ஆனால் பேனாவைப் பிடித்தால் எனக்கே கை கூசுகிறது. 'மகாராணி வர்றாங்க' என்று கத்தியது யார்? அதைச் சிரித்துக்கொண்டே உனக்கு எழுதி அனுப்பியது யார்? உன் கடிதத்தை அறை முழுக்கப் படித்துக் காட்டியபோது பக்கத்துக் கட்டில்காரி ஏன் எழுந்து போனாள் என்று இப்போதுதான் உறைக்கிறது. துணி துவைக்கும் இடத்தில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன். "அன்னிக்கு எனக்குக் காய்ச்சல்க்கா, கையே ஓடல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு, நான் தேய்த்துக்கொண்டிருந்த துணியை வாங்கி அவளே அலசிக்கொடுத்தாள். அதற்குப் பதிலாக என்னை அறைந்திருக்கலாம்.

போன திங்கட்கிழமை சாவி புதிதாக வந்த ஒரு பெண் தலையில் தொப்பியை வைத்தாள். நான் எழுந்து போய் அதை எடுத்து, வெட்டுத்துணிக் குப்பையில் போட்டேன். வீரம் என்று நினைக்காதே, போட்டதும் திரும்பிப் பார்க்காமல் என் மெஷினுக்கு ஓடிவந்துவிட்டேன். ஒரு மாதத்துக்கு எனக்குப் போன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். காரணத்தை மிளகிடம் சொல்லாதே. அம்மாவுக்கு வேலை அதிகம் என்று சொல்.

அவளை உன்னிடமிருந்து அழைத்துக்கொண்டுவந்திருப்பேன். இங்கே பிள்ளைகளை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், உனக்கும் அது தெரியும். வேறு போக்கிடம் இருந்தால் உன்னோடு பேசிக்கொண்டிருப்பேனா?

அதனால் கேட்கிறேன். அந்தப் பெற்றோர்களைக் கூட்டு. பனியன், கூத்து எதுவும் வேண்டாம். யார் பிள்ளை அழக் கூடாது என்று யாரைக் குழாய்ச் சுவரில் நிறுத்தினாய் என்று சொல். சிரிப்புக் காட்டாமல் சொல். அதற்குப் பிறகு அவள் ஆடுவதும் ஆடாததும் அவள் இஷ்டம்.

அக்கா


மே 9

அக்கா,

சொல்லிவிட்டேன்.

பெற்றோர் கூட்டத்தில், செயலாளர் பக்கத்தில் நின்று, நீ சொன்னபடியே சொன்னேன். எழுதி வைத்துக்கொண்டு போகவில்லை, அதனால் திக்கித் திக்கித்தான் வந்தது. செயலாளர் முகம் சிவந்துவிட்டது. "சின்னப் புள்ளைங்க விளையாட்டு, இத இவ்வளவு பெருசு பண்ணணுமா?" என்றார். நான் சொன்னதற்கு அவர் திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். ஆனால் எனக்குச் சூடு வைத்தது பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா. "செயலாளர் பொண்ணு அழுதா, உங்க வீட்டுப் பொண்ண நிறுத்தினீங்க, சரி. அதுக்கு முன்னாடி எம்பொண்ணு நாலு நாள் போட்டுக்கிட்டு அழுதாளே. எனக்குப் போன் பண்ணிக் கேக்கத் தெரியல. அவளப் பத்தி ஒரு வார்த்தையும் வரலியே சார்?"

அந்தப் பிள்ளையின் முகம்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை, அக்கா. வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டவள். அலுப்பில் நின்றுவிட்டாள் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. பிள்ளைகள் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்குக் காலையில் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும், கோர்ட்டில் கோடு போடுவதும். அதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தப் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டாமே என்ற நிம்மதி. இதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்து மிளகிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழாய்ச் சுவரை வேண்டுமென்றே அவளுக்குக் கொடுத்தேன் என்பதையும். "தெரியும்" என்றாள். என்றைக்கிலிருந்து தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. "மன்னிச்சிடு" என்றேன். "சரி" என்றாள். அவள் அத்தை அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். சீப்பு நின்றது, பிறகு மறுபடி ஓடியது.

அதன் பிறகு அவள் சாயங்காலம் எங்கே போகிறாள் என்று தெரியாமல் இருந்தது. கேட்கவில்லை. போன வாரம் வேலை முடிந்து வரும்போது, நம் தெருவுக்கு முந்தைய சந்தில், பூட்டிக் கிடக்கும் ஒர்க்ஷாப் முன்னால் சத்தம் கேட்டது. நாலைந்து பிள்ளைகள். யாரும் கிளப் பிள்ளைகள் இல்லை. இரும்பு ஷட்டரில் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். ஷட்டர் முழுக்க மடிப்பு, எங்கே பட்டாலும் பந்து கோணிக்கொண்டுதான் வரும். நடுவில் நம் மிளகு. முன்கையில் வாங்கி அடிக்கிறாள், வாங்கி அடிக்கிறாள், அதையே. பந்தை விட்டாள். அது நின்றிருந்த வேனுக்கு அடியில் உருண்டு போயிற்று. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்! "லூசு, என்னைப் பாத்து அடி, வண்டியப் பாத்து அடிக்கிற" என்று இன்னொருத்தி திட்டிக்கொண்டே வேனுக்கு அடியில் ஊர்ந்து போய்ப் பந்தை எடுத்து வந்தாள். மறுபடி ஆரம்பித்தார்கள். யாரும் சொல்லாமல், யாரும் விசில் ஊதாமல். முழங்கையைச் சரியாகச் சேர்த்து வைத்திருந்தாள். நான் அவளுக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான் போலிருக்கிறது.

நான் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். அது என் தப்பு. அவள் திரும்பினாள், என்னைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. முதுகை நிமிர்த்தினாள். பந்து அப்போது இன்னொருத்தி அடித்து என் பக்கம் உருண்டு வந்துகொண்டிருந்தது. மிளகு விடுவிடுவென்று ஓடிவந்து குனிந்து அதைப் பொறுக்கினாள். சாக்கடை ஓரம் கிடந்த இன்னொரு பந்தையும் போய்ப் பொறுக்கினாள். இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு, நான் போவதற்காக ஓரமாக நின்றாள். மற்றப் பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். நான் கடந்து போனேன். தெருமுனை திரும்பும் வரை ஷட்டர் சத்தம் கேட்கவில்லை.

இப்போது நான் அந்தச் சந்து வழியாக வருவதில்லை. மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு வருகிறேன். வழி தூரம்தான், பரவாயில்லை. அந்தப் பக்கத்திலிருந்தும் ஷட்டர் சத்தம் லேசாகக் கேட்கிறது.

அடுத்த ஞாயிறு உனக்குப் போன் திரும்பக் கிடைத்தால் அவளிடம் எது வேண்டுமானாலும் கேள். நான் சுற்றிப் போவதை மட்டும் சொல்லிவிடாதே. எனக்குச் சிரமம் என்று நினைத்து அங்கேயும் ஆடுவதை நிறுத்திவிடுவாள்.

தம்பி